முன்பின் மாறாமல் எழுதுதல்

ஒரு நிரல் கோப்பில் எழுதச் சொல்லி, இயக்க முறைமை ‘எழுதியாயிற்று’ என்று பதில் தரும்போது, அந்தத் தரவு பெரும்பாலும் வட்டின் பக்கமே போயிருக்காது. கணினியின் முதன்மை நினைவகத்தில், பேஜ் கேஷ் எனப்படும் பகுதியில் அது காத்திருக்கும். லினக்ஸில் கெர்னலின் பின்னணிப் பணி ஒன்று வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்பத் தொடங்கும். அதற்குள் மின்சாரம் போனால், எழுதி முடித்ததாக நிரல் நம்பியிருந்த அரை நிமிட வேலை தடயமில்லாமல் போய்விடும்.

அரை நிமிட வேலை போவது இழப்புதான். அதைவிடப் பெரிய ஆபத்து, பின்னால் எழுதியது வட்டில் நின்று முன்னால் எழுதியது காணாமல் போவது. கடைசி சில விநாடிகளின் வேலை மொத்தமாக மறைந்தால், வட்டில் இருப்பது சற்றுப் பழைய, ஆனால் முரணற்ற நிலை. நடுவில் சில துண்டுகள் மட்டும் விட்டுப்போனால், அந்தக் கணினியில் ஒருபோதும் இருந்திராத ஒரு நிலை வட்டில் உருவாகிறது. கோப்பு முறைமைகள் சிதைவதும், தரவுத்தளங்கள் திறக்க மறுப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை இழப்பால்தான்.

எழுதும் முன்பின் பல இடங்களில் மாறுகிறது. பேஜ் கேஷிலிருந்து பக்கங்கள் எந்த வரிசையில் வெளியேறும் என்பதற்கு உறுதி கிடையாது. வெளியேறியவை பிளாக் அடுக்கு என்னும் கெர்னல் பகுதிக்கு வருகின்றன. வட்டு, எஸ்எஸ்டி போன்ற பிளாக் சாதனங்களுக்குப் போகும் கோரிக்கைகளை ஒன்றுசேர்ப்பதும் அடுக்கி அனுப்புவதும் அதன் பொறுப்பு; அடுத்தடுத்த செக்டர்களுக்கான கோரிக்கைகளை ஒரே பெரிய கோரிக்கையாக்கும், மற்றவற்றைச் சாதனத்துக்கு ஏற்றபடி இடம் மாற்றும். பிறகு அவை சாதனத்தின் காத்திருப்பு வரிசைக்குப் போகின்றன. சாட்டா வட்டு ஒன்று ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வாங்கி வைத்துக்கொண்டு, தனக்கு வசதியான ஒழுங்கில் நிறைவேற்றலாம். கடைசியாக, சாதனத்துக்குள்ளேயே உள்ள டிராம் கேஷ். தரவு அதில் வந்து விழுந்ததுமே சாதனம் ‘முடிந்தது’ என்று அறிவித்துவிடுகிறது. காந்தத் தட்டிலோ ஃபிளாஷ் சில்லிலோ அது எப்போது பதியும் என்பதைச் சாதனத்தின் ஃபர்ம்வேர் முடிவு செய்யும்.

இந்த இடமாற்றங்கள் எதுவும் அலட்சியத்தால் நடப்பவை அல்ல. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டு ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய செக்டர் படிப்புமுனையின் அடியில் வரும் வரை சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முனையை நகர்த்த ஆகும் நேரம் தனி. வந்த ஒழுங்கிலேயே எழுதினால் விநாடிக்கு நூற்றுச் சொச்சம் எழுத்துகளைத் தாண்டுவது கடினம். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் ஃபிளாஷில் அழிப்பது பெரிய தொகுதிகளாக மட்டுமே நடக்கும் என்பதால், சிறு எழுத்துகளை டிராமில் சேர்த்து வைத்து மொத்தமாகப் பதிப்பதே அங்கும் லாபம். போதாததற்கு, எந்தத் தருக்க முகவரி எந்தச் சில்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பெயர்ப்பு அட்டவணையின் அண்மைய மாற்றங்களும் பெரும்பாலும் டிராமில்தான் இருக்கின்றன.

மின்சாரம் இருக்கும் வரை இதை யாரும் உணர்வதில்லை. ஒரு பிளாக்கைப் படிக்கக் கேட்டால், அது எந்தக் கேஷில் இருந்தாலும் அங்கிருந்து புதிய மதிப்பே கிடைக்கும். முன்பின் மாறியது வெளியே தெரிய ஒரே வழி, கேஷ்கள் திடீரென்று காலியாவது.

அப்படிக் காலியானால் என்ன கெடும் என்பதை மிக எளிய செயலில் பார்க்கலாம். ஒரு கோப்பின் கடைசியில் ஒரு பிளாக் சேர்க்கக் குறைந்தது மூன்று இடங்களில் எழுத வேண்டும். தரவு பிளாக் ஒன்று. அந்த பிளாக் இனிக் காலி இல்லை என்று குறிக்கும் பிட்மேப் இரண்டாவது. இந்தக் கோப்பின் அடுத்த பகுதி அங்கே இருக்கிறது என்று காட்டும் ஐநோட் மூன்றாவது. பிட்மேப் மட்டும் வட்டில் பதிந்து மற்ற இரண்டும் போனால், ஒரு பிளாக் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும், சேதம் சிறிது. ஐநோட் பதிந்து பிட்மேப் போனால், அந்த பிளாக் இன்னும் காலி என்று நினைத்துக் கோப்பு முறைமை அதை வேறொரு கோப்புக்கும் கொடுத்துவிடும். இரண்டு கோப்புகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதத் தொடங்கும். ஐநோட்டும் பிட்மேப்பும் பதிந்து தரவு மட்டும் போனால், அந்த பிளாக்கில் முன்பு யாரோ அழித்த கோப்பின் உள்ளடக்கம் இந்தக் கோப்பின் பகுதியாகத் தலைகாட்டும். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் இந்தக் கடைசி நிலை சிதைவாக மட்டும் நின்றுவிடாது. ஒருவரின் ரகசியம் இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பழைய யூனிக்ஸ் முறைமைகள் பிட்மேப், ஐநோட் போன்ற மெட்டாடேட்டா எழுத்துகளை ஒவ்வொன்றாக, முந்தையது முடியும் வரை காத்திருந்து எழுதின. பாதுகாப்பானது, மிக மெதுவானது. 1994-இல் கிரெகரி காங்கரும் யேல் பாட்டும் ‘சாஃப்ட் அப்டேட்ஸ்’ என்ற முறையை முன்வைத்தார்கள். எந்த எழுத்து எதைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சார்பு குலையாத ஒழுங்கில் மட்டும் எழுத்துகளை வெளியே விடுவது அது. பின்னர் ஃப்ரீபிஎஸ்டி அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்த இரு முறைகளும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றன: சாதனம் ‘முடிந்தது’ என்றால் உண்மையிலேயே முடிந்துவிட்டது. மலிவான ஐடிஇ வட்டுகள் எழுத்துக் கேஷை இயக்கிய நிலையிலேயே விற்பனைக்கு வந்தபோது இந்த நம்பிக்கை உடைந்தது. 2001-இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 4.3, தரவின் பாதுகாப்பு கருதி ஐடிஇ வட்டுகளின் எழுத்துக் கேஷை இயல்பாகவே அணைத்து வைத்துப் பார்த்தது. வேகம் தாங்க முடியாத அளவுக்கு விழுந்ததால் அடுத்து அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கேஷை முழுவதும் நம்பவும் முடியாது, அணைத்துவிடவும் முடியாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இன்று பரவலாக உள்ள தீர்வு ஜர்னல். வியாபாரி அன்றாட வரவுசெலவை முதலில் சிட்டையில் குறித்து, பிறகு ஆற அமரப் பேரேட்டில் ஏற்றுவது போன்றது இது. கோப்பு முறைமை தான் செய்யப்போகும் மாற்றங்கள் அனைத்தையும் முதலில் ஜர்னல் என்ற தனிப் பகுதியில் எழுதுகிறது. கடைசியில் ‘இந்தத் தொகுதி முழுமை’ என்று சொல்லும் கமிட் பிளாக் ஒன்றை எழுதுகிறது. அதற்குப் பின்பே அந்த மாற்றங்கள் அவற்றுக்குரிய நிலையான இடங்களுக்குப் போகும். நடுவில் மின்சாரம் போனால், மீண்டும் இயங்கும்போது ஜர்னல் படிக்கப்படும். கமிட் பிளாக் இருக்கும் தொகுதிகள் மறுபடி நிறைவேற்றப்படும். இல்லாதவை தூக்கி எறியப்படும்.

இந்த ஏற்பாடு முழுவதும் மூன்று இடங்களில் முன்பின்னை நம்பியிருக்கிறது. ஜர்னல் உள்ளடக்கம் பதிந்த பின்பே கமிட் பிளாக் பதிய வேண்டும். கமிட் பிளாக் பதிந்த பின்பே நிலையான இடங்களில் எழுத வேண்டும். நிலையான இடங்களில் பதிந்த பின்பே ஜர்னலின் அந்தப் பகுதியை வேறு எதற்கும் பயன்படுத்தலாம். முதல் விதி மீறப்பட்டால் விளைவு கொடூரமானது. கமிட் பிளாக் வட்டில் இருக்கிறது, ஆனால் அது உறுதி சொல்லும் உள்ளடக்கம் இல்லை. அந்த இடத்தில் ஜர்னலின் முந்தைய சுற்றுக் குப்பை கிடக்கிறது. மீட்புப் பணி அந்தக் குப்பையை நல்ல மெட்டாடேட்டாவின் மேல் நம்பிக்கையோடு எழுதிவிடும். ஜர்னலே இல்லாத கோப்பு முறைமையில் கூட இப்படிப்பட்ட சேதம் எளிதில் வராது. மூன்றாம் விதி மறக்கப்படுவதும் அதே அளவு ஆபத்து. ஜர்னல் இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுவதற்கு முன் கேஷை ஃபிளஷ் செய்யத் தவறினால், ஒரே மாற்றத்தின் இரண்டு பிரதிகளும் ஒருசேரப் போய்விடக்கூடும்.

இந்த விதிகளைக் காக்கச் சாதனங்கள் தரும் கருவிகள் மிகக் குறைவு. முதன்மையானது ஃபிளஷ் கட்டளை. ஏடிஏ தரத்தில் ‘ஃபிளஷ் கேஷ்’, ஸ்கசியில் ‘சிங்க்ரனைஸ் கேஷ்’, என்விஎம்இயில் வெறும் ‘ஃபிளஷ்’ என்று பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றுதான்: கேஷில் உள்ள அனைத்தையும் நிலையான ஊடகத்தில் பதித்துவிட்டுப் பதில் சொல். இரண்டாவது கருவி எஃப்யுஏ என்ற ஒற்றை பிட். ஓர் எழுத்துக் கட்டளையோடு அது சேர்ந்து வந்தால், அந்த எழுத்து மட்டும் ஊடகத்தில் பதியும் வரை சாதனம் ‘முடிந்தது’ என்று சொல்லக் கூடாது. மற்றவை கேஷிலேயே இருக்கலாம்.

ஃபிளஷின் பொருளில் உள்ள ஒரு நுட்பம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஃபிளஷ் வருவதற்கு முன்பே ‘முடிந்தது’ என்று அறிவிக்கப்பட்ட எழுத்துகளுக்கு மட்டுமே அது பொறுப்பேற்கிறது. சாதனத்திடம் கொடுக்கப்பட்டு இன்னும் பதில் வராத எழுத்துகள் அதில் அடங்கலாம், அடங்காமலும் போகலாம். ஆகவே ஃபிளஷ் என்பது காத்திருப்பு வரிசையில் நடுவே செருகப்படும் கோடு அல்ல. முந்தைய எழுத்துகளுக்கெல்லாம் பதில் வரும் வரை காத்திருந்து, பிறகு ஃபிளஷ் அனுப்பி, அதற்கும் பதில் வரும் வரை காத்திருந்தால்தான் அது கோடாகும்.

இந்தப் பொருளின் மையச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கோப்பு முறைமைக்குப் பெரும்பாலான இடங்களில் வேண்டியது முன்பின் மட்டுமே: அது பதியாமல் இது பதியக் கூடாது, இரண்டும் ஐந்து விநாடி கழித்துப் பதிந்தாலும் குறையில்லை. சாதனம் தருவதோ நிலைப்பு: கேஷில் இருப்பது எல்லாம் இப்போதே பதிய வேண்டும். முன்பின்னும் நிலைப்பும் வேறு வேறு தேவைகள். முதலாவது மலிவாகக் கிடைத்திருக்க வேண்டியது. இரண்டாவது இயல்பிலேயே விலை கூடியது. மலிவானதைத் தனியே கேட்க வழியில்லாததால், ஒவ்வொரு முறையும் விலை கூடியதை வாங்கி அதிலிருந்து முன்பின்னைப் பெற வேண்டியிருக்கிறது. கேஷைக் கொண்டு சேர்த்த வேகத்தில் பெரும்பங்கை ஃபிளஷ்கள் தின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

லினக்ஸ் இந்தச் சிக்கலை முதலில் அணுகியது ‘பேரியர்’ என்ற தடுப்பு வழியாக. கோப்பு முறைமை ஒரு கோரிக்கையைத் தடுப்பு என்று குறித்து அனுப்பினால், அதற்கு முன் வந்தவை அதற்கு முன்பும், பின் வந்தவை பின்பும் பதியும்படி பிளாக் அடுக்கு பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்க அழகான ஏற்பாடு. நடைமுறையில் பிளாக் அடுக்கு அதை நிறைவேற்றிய விதம் முரடானது. தடுப்பு வந்ததும் காத்திருப்பு வரிசை முழுவதும் வடியும் வரை புதிய கோரிக்கை எதையும் விடாமல் நிறுத்தி வைத்து, ஃபிளஷ் அனுப்பி, தடுப்புக் கோரிக்கையை எழுதி, மறுபடி ஃபிளஷ் அனுப்பிய பின்பே கதவைத் திறந்தது. ஜர்னலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு நிரலின் வாசிப்புகள் கூட வெளியே நின்றன. பல வட்டுகளைச் சேர்த்துக் கட்டும் எல்விஎம், மென்பொருள் ரெய்டு போன்ற அடுக்குகள் நெடுங்காலம் தடுப்பை முழுமையாகக் கீழே கடத்தவில்லை, 2.6 தொடரின் பிற்பகுதியில்தான் அது சீரானது. அதுவரை, தடுப்பு பலிக்காது என்று கண்ட லினக்ஸின் எக்ஸ்ட்3 கோப்பு முறைமை ஒரு வரி எச்சரிக்கையைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தடுப்பில்லாமல் தொடர்ந்தது. அந்த எச்சரிக்கையைப் படித்தவர்கள் குறைவு.

எக்ஸ்ட்3 மூலக் கெர்னலில் பல ஆண்டுகள் தடுப்பு அணைந்த நிலையிலேயே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேகம் குறையும் என்ற கவலையே காரணம். இதனால் பெரிய அழிவு நேராமல் இருந்ததற்கு ஒரு தற்செயல் உதவியது. ஜர்னல் வட்டில் அடுத்தடுத்த இடங்களில் அமைந்திருந்ததால், வட்டு அதைப் பெரும்பாலும் வந்த ஒழுங்கிலேயே எழுதியது. உள்ளடக்கத்துக்குப் பின்பே கமிட் பிளாக் விழுந்தது. ஜர்னல் சுற்றி வந்து தொடக்கத்துக்குத் திரும்பும்போதோ, வட்டு கடும் பளுவில் இருக்கும்போதோ இந்தத் தற்செயல் கைவிடும். 2008-இல் கெர்னல் உருவாக்குநர் கிறிஸ் மேசன், அப்படிப்பட்ட பளுவை வேண்டுமென்றே உண்டாக்கி மின்சாரத்தைத் துண்டித்து, தடுப்பில்லாத எக்ஸ்ட்3 சிதைவதைக் காட்டினார். அடுத்து வந்த எக்ஸ்ட்4 தடுப்பை இயல்பாகவே இயக்கி வைத்தது. பல ஆண்டுகள் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதே அந்தக் காலத்தின் பிழை.

2011 ஜனவரியில் வெளியான 2.6.37 கெர்னல் தடுப்பு முறையை முற்றிலும் அகற்றியது. டெஜுன் ஹியோ, கிறிஸ்டாஃப் ஹெல்விக் ஆகியோரின் முயற்சியால் வந்த புதிய உடன்பாட்டில், முன்பின்னுக்குப் பிளாக் அடுக்கு பொறுப்பேற்பதில்லை. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பது கோப்பு முறைமைக்குத்தான் தெரியும். ஆகவே தனக்கு முக்கியமான எழுத்துகள் முடியும் வரை அதுவே காத்திருக்க வேண்டும். பிளாக் அடுக்கு தருவது இரண்டே கொடிகள். ‘ப்ரீஃபிளஷ்’ கொடி இருந்தால், இந்தக் கோரிக்கை தொடங்குவதற்கு முன், ஏற்கெனவே முடிந்தவை எல்லாம் ஊடகத்தில் பதிந்திருக்க வேண்டும். ‘எஃப்யுஏ’ கொடி இருந்தால், இந்தக் கோரிக்கையின் தரவு ஊடகத்தில் பதிந்த பின்பே முடிந்ததாகக் கணக்கு. தொடர்பில்லாத கோரிக்கைகள் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

இந்தக் கொடிகளைச் சாதனத்தின் திறனுக்கேற்பப் பெயர்ப்பது பிளாக் அடுக்கின் வேலை. நிலையற்ற எழுத்துக் கேஷ் இல்லாத சாதனம் என்றால் கொடிகள் இரண்டும் உருவப்பட்டுச் சாதாரண எழுத்தாகவே போகும். கேஷும் எஃப்யுஏவும் உள்ள சாதனத்துக்கு ஒரு ஃபிளஷ், பிறகு எஃப்யுஏ எழுத்து. கேஷ் இருந்து எஃப்யுஏ இல்லையென்றால் ஃபிளஷ், எழுத்து, மறுபடி ஃபிளஷ் என்று மூன்று படிகள். சாட்டா வட்டுகளில் எஃப்யுஏவை லினக்ஸ் இயல்பாகப் பயன்படுத்துவதில்லை என்பதால், அவற்றில் இந்த மூன்று படிதான் வழக்கம்.

பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஃபிளஷ் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிளஷ் அனுப்ப வேண்டியதில்லை என்பதும் இந்த உடன்பாட்டின் பயன். ஒரு சாதன வரிசையில் ஒரு ஃபிளஷ் நடந்துகொண்டிருக்கும்போது புதிதாக வருபவை தனியே சேர்த்து வைக்கப்படுகின்றன. நடப்பது முடிந்ததும், சேர்ந்தவை அனைத்துக்குமாக ஒரே ஃபிளஷ் போகிறது. அந்த ஃபிளஷ் தொடங்கும் முன்பே அவரவர் எழுத்துகள் முடிந்துவிட்டதால், ஒன்றே எல்லோருக்கும் போதும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகள் நடக்கும் தரவுத்தளத்தில் இந்தச் சேர்க்கை இல்லாமல் சமாளிக்க முடியாது.

எக்ஸ்ட்4 தன் இயல்பு நிலையில் ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை செய்யும் கமிட்டை இந்தக் கொடிகளோடு தொடர்ந்து பார்க்கலாம். முதலில், இந்தத் தொகுதியில் புதிதாக இடம் ஒதுக்கப்பட்ட கோப்புகளின் தரவு பிளாக்குகள் நிலையான இடங்களில் எழுதப்படுகின்றன. அழித்த கோப்பின் உள்ளடக்கம் வெளியே தெரியாமல் காப்பது இந்தப் படிதான். அடுத்து மெட்டாடேட்டா பிளாக்குகள் ஜர்னலில் எழுதப்படுகின்றன. இவை அனைத்துக்கும் ‘முடிந்தது’ என்ற பதில் வரும் வரை காத்திருப்பு. பிறகு கமிட் பிளாக், இரண்டு கொடிகளோடும். ப்ரீஃபிளஷ் முந்தையவற்றைப் பதித்துவிடுகிறது. எஃப்யுஏ கமிட் பிளாக்கையே பதித்துவிடுகிறது. ஜர்னல் வேறொரு சாதனத்தில் இருந்தால், தரவு இருக்கும் சாதனத்துக்குத் தனியாக ஒரு ஃபிளஷ் போக வேண்டும். ஒரு சாதனத்தின் ஃபிளஷ் இன்னொன்றின் கேஷைத் தொடாது.

பழைய பிளாக்குகளின் மேல் எழுதாமல் எப்போதும் புதிய இடத்தில் எழுதும் பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளுக்கும் இதே தேவை உண்டு. பிளாக்குகள் ஒன்றையொன்று சுட்டும் புதிய மரம் முழுவதையும் எழுதி, ஃபிளஷ் செய்து, அதன் வேரைச் சுட்டும் சூப்பர்பிளாக்கைக் கடைசியில் எழுதுகின்றன. சூப்பர்பிளாக் முந்திக்கொண்டால் அது சுட்டும் மரமே இல்லாமல் போகும். பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு கிளையிலும் தலைமுறை எண்ணைப் பதிந்து வைப்பதால், எதிர்பார்த்த எண் இல்லையென்றால் திறக்க மறுத்து, பெற்றோர்க் கிளையின் பரிவர்த்தனை எண் பொருந்தவில்லை என்று பிழை காட்டும். இப்பிழையைக் கண்டவர்கள் கோப்பு முறைமையைக் குறை சொல்வது வழக்கம். ஃபிளஷை மதிக்காத சாதனம் இதற்குப் பின்னால் இருப்பது அரிதல்ல.

பயன்பாட்டு நிரல்களுக்கு இந்த உலகத்தின் வாசல் எஃப்சிங்க் என்ற அழைப்பு. ஒரு கோப்பின் டர்ட்டி பக்கங்களை, அதாவது இன்னும் வட்டுக்குப் போகாத மாற்றங்கள் உள்ள பக்கங்களை, எழுதி, வேண்டிய மெட்டாடேட்டாவைக் கமிட் செய்து, சாதனத்தின் கேஷையும் ஃபிளஷ் செய்த பின்பே லினக்ஸில் அது திரும்பும். பேஜ் கேஷைத் தவிர்க்கும் ஓ-டைரக்ட் முறை இதற்கு ஈடாகாது. அது சாதனத்தின் கேஷைத் தொடுவதில்லை. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் எழுதச் சொல்லும் சிங்க்-ஃபைல்-ரேஞ்ச் என்ற அழைப்பும் அப்படியே. லினக்ஸின் கையேட்டுப் பக்கமே அதை மிக ஆபத்தானது என்று எச்சரிக்கிறது.

கோப்பைப் பாதுகாப்பாக மாற்றி எழுதும் முறை பழையது. புதிய பெயரில் எழுது, எஃப்சிங்க் செய், பழைய பெயருக்கு மாற்று, அடைவையும் எஃப்சிங்க் செய். நடுவில் உள்ள எஃப்சிங்கைப் பல நிரல்கள் விட்டுவிட்டன. எக்ஸ்ட்3-இல் அது தெரியவில்லை, ஏனெனில் பெயர் மாற்றம் கமிட் ஆகும் முன் தரவு எப்படியும் எழுதப்பட்டது. எக்ஸ்ட்4 இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடும் முறையைக் கொண்டுவந்தபோது, பெயர் மாற்றம் முதலிலும் தரவு பல விநாடிகள் கழித்தும் பதியத் தொடங்கின. 2009-இல், கணினி திடீரென்று நின்ற பயனர்களின் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய நீளத்தில் கிடந்தன. கடும் விவாதத்துக்குப் பின், பெயர் மாற்றி மேலெழுதும் நிலையைக் கண்டுகொண்டு தரவை உடனே வெளியே தள்ளும் திருத்தம் 2.6.30-இல் சேர்ந்தது.

இது ஓரிரு நிரல்களின் கவனக்குறைவு அல்ல என்பதை 2014-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் அவருடைய குழுவினரும் நிறுவினார்கள். புகழ்பெற்ற தரவுத்தளங்களும் கிட் போன்ற கருவிகளும் அடங்கிய 11 பயன்பாடுகளை எடுத்து, மின்தடைக்குப் பின் வட்டில் எஞ்சக்கூடிய நிலைகளை ஒவ்வொன்றாக உருவாக்கிப் பார்த்தபோது 60 பலவீனங்கள் வெளிவந்தன. அனுபவமிக்கவர்கள் பல ஆண்டுகள் உழைத்த நிரல்கள் அவை. முன்பின் பற்றிய உறுதிமொழி கோப்பு முறைமைக்குக் கோப்பு முறைமை மாறுவதும், எங்கும் தெளிவாக எழுதி வைக்கப்படாததுமே இத்தனைக்கும் மூலம்.

எஃப்சிங்கின் பொருளும் எங்கும் ஒன்றல்ல. மேக்ஓஎஸ்ஸில் எஃப்சிங்க் தரவைச் சாதனத்திடம் ஒப்படைப்பதோடு நின்றுவிடும். சாதனத்தின் கேஷையும் ஃபிளஷ் செய்ய எஃப்-ஃபுல்எஃப்சிங்க் என்ற தனி வேண்டுகோள் தேவை. விண்டோஸில் வட்டின் பண்புகளில் எழுத்துக் கேஷ் ஃபிளஷை அணைக்கும் தேர்வுப் பெட்டி ஒன்று உண்டு. தனி மின்ஆதாரம் இல்லாத சாதனத்தில் அதைத் தொடக் கூடாது என்று அதன் அருகிலேயே எழுதியிருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களில் உள்ளே இருக்கும் கோப்பு முறைமை அனுப்பும் ஃபிளஷ் வெளியே உள்ள வட்டு வரை போய்ச் சேர வேண்டும். க்யூஇஎம்யூவின் ‘அன்சேஃப்’ என்ற கேஷ் அமைப்பு அதை வழியிலேயே விழுங்கிவிடும். தரவு போனாலும் கவலையில்லாத சோதனை இயந்திரத்துக்கு மட்டுமே அது ஏற்றது.

இத்தனை அடுக்குகளும் ஒழுங்காக நடந்தாலும் கடைசிச் சொல் சாதனத்துடையது. 2013-இல் ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து தயாரிப்பாளர்களின் 15 எஸ்எஸ்டிகளை மின்துண்டிப்புக்கு உள்ளாக்கியது. 13 கருவிகளில் ஏதோ ஒரு கோளாறு தென்பட்டது: கெட்ட பிட்டுகள், பாதி எழுதப்பட்ட பதிவுகள், முன்பின் மாறிய எழுத்துகள், முற்றிலும் செயலிழந்த சாதனம். யுஎஸ்பி வழியாக இணைக்கும் வட்டுகளில் வேறொரு பொறி உண்டு. நடுவில் உள்ள பாலச் சில்லு தன் கேஷைப் பற்றித் தகவல் தராவிட்டால், லினக்ஸ் அதைக் கேஷ் இல்லாத சாதனமாகவே எடுத்துக்கொண்டு, அப்படி எடுத்துக்கொண்டதாகப் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். அதன்பின் அந்த வட்டுக்கு ஒரு ஃபிளஷும் போகாது.

நேர்மையான வன்பொருள் தீர்வும் இருக்கிறது. தரவு மையங்களுக்கான எஸ்எஸ்டிகளில், மின்சாரம் போனதும் டிராமில் உள்ளதை ஃபிளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்கு ஆற்றலைத் தேக்கி வைக்கும் மின்தேக்கிகள் உண்டு. ரெய்டு அட்டைகளில் மின்கலம் இதே வேலையைச் செய்கிறது. இவற்றில் கேஷே நிலையான ஊடகம் என்பதால் ஃபிளஷுக்கு உடனே பதில் வந்துவிடும். இத்தகைய கருவிகளை வைத்திருப்போர் முன்பு ‘நோபேரியர்’ என்ற தேர்வால் ஃபிளஷையே அணைத்து வேகம் கூட்டினார்கள். அந்தத் தேர்வு தவறான வட்டுகளிலும் தவறான கைகளிலும் போய்ச் சேர்ந்தது. எக்ஸ்எஃப்எஸ் 4.19 கெர்னலில் அதை முற்றிலும் நீக்கியது சரியான முடிவு. நல்ல கருவியில் இனி அதனால் ஆதாயம் இல்லை, சாதாரணக் கருவியில் அது அழிவு.

முன்பின்னை நிலைப்பிலிருந்து பிரித்தெடுக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2013-இல் விஜய் சிதம்பரமும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய ஆப்ட்எஃப்எஸ், எஃப்சிங்கை இரண்டாக உடைத்தது: முன்பின்னை மட்டும் காக்கும் ஓசிங்க், நிலைப்பையும் தரும் டிசிங்க். கமிட் பிளாக்கில் உள்ளடக்கத்தின் சரிபார்ப்புத் தொகையை வைத்துவிட்டால், அது முந்திப் பதிந்தாலும் மீட்பின்போது தொகை பொருந்தாமல் பிடிபட்டுவிடும் என்பது அதன் உத்திகளுள் ஒன்று. கைபேசிகளில் உள்ள இஎம்எம்சி சேமிப்பகத்தின் 5.1 தரம், கேஷைப் பதிக்காமலே முன்பின்னை மட்டும் உறுதிசெய்யும் பேரியர் கட்டளையைச் சேர்த்தது. 2018-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அத்தகைய கட்டளையை அடிப்படையாகக் கொண்டு, பிளாக் அடுக்கு முதல் கோப்பு முறைமை வரை மாற்றி அமைத்து, முன்பின்னைக் காத்துக்கொண்டே காத்திருப்பைப் பெருமளவு நீக்கலாம் என்று செய்துகாட்டினார்கள். மேக்ஓஎஸ்ஸும் இதே நோக்கில் எஃப்-பேரியர்எஃப்சிங்க் என்ற வேண்டுகோளைத் தருகிறது.

ஆயினும் மடிக்கணினியிலும் சர்வரிலும் இன்று பரவியுள்ள என்விஎம்இ சாதனங்களுக்கு லினக்ஸ் அனுப்புவது இன்னமும் ஃபிளஷும் எஃப்யுஏவும் மட்டுமே. முன்பின்னுக்கென்று தனிக் கட்டளை எல்லாச் சாதனங்களிலும் வரும் வரை, மின்தேக்கியோ மின்கலமோ காக்காத எந்த வட்டிலும் ஃபிளஷை அணைக்கக் கூடாது. வட்டின் எழுத்துக் கேஷ் பற்றிக் கெர்னல் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை லினக்ஸின் சிஸ் அடைவில், அந்தச் சாதனத்தின் க்யூ பிரிவில் உள்ள ரைட்-கேஷ் கோப்பு ஒரே சொற்றொடரில் காட்டும். வெளி வட்டில் முக்கியமான தரவை வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது அதைத் திறந்து பார்ப்பது நல்லது.